டர்பன் புழுக்கத்துக்கு ஏற்ற சென்ட்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்து, வாடகை வீடு, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லா அலைச்சலும் ஓய்ந்தபிறகு, "நமக்கென்று ஒரே ஒரு நல்ல சென்ட் இருக்கட்டுமே" என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடைக்குப் போய் ஒரு பாட்டில் எடுத்து வருவதற்கு வழிகாட்டி எதற்கு என்று தோன்றும். இங்கே பெரிய பிராண்டின் 50 மி.லி. பாட்டில் ஒன்று சாதாரணமாக 1,500 முதல் 2,500 ரேண்ட் வரை போகிறது. திறந்துவிட்டால் திருப்பி எடுக்கமாட்டார்கள். அலமாரியில் முக்கால் பாட்டிலாக நிற்கும் சென்ட்டுகள் நம் ஆட்கள் வீடுகளில் எத்தனை இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், புரியும்.

விதி ஒன்றுதான்: முகர்ந்த அன்றே வாங்காதீர்கள். மற்றதெல்லாம் இந்த விதியைக் காப்பாற்றிக்கொள்வதற்கான ஏற்பாடு. நிதானமாகச் செய்தால் மூன்று நான்கு வாரம் ஆகும். பரிசோதனைச் செலவு என்று 500 முதல் 800 ரேண்ட் வரை தனியாக ஒதுக்குங்கள். அதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு முறை அழுத்தினால் ஏறக்குறைய 0.1 மி.லி. வெளியே வரும். அப்படியானால் 50 மி.லி. பாட்டிலில் சுமார் 500 அழுத்தம். தினமும் நான்கு அழுத்தம் என்றால் நான்கு மாதம் வரும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் விலையைப் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க இதையேதான் போடப்போகிறேன் என்றால் மூன்று பாட்டில் செலவு. அது கட்டுப்படியாகுமா?

பெட்டியில் போட்டிருக்கும் வகையையும் கவனியுங்கள். ஓ டி கொலோன் என்றால் வாசனைச் சத்து இரண்டு முதல் நான்கு சதவீதம்தான். ஓ டி டாய்லெட் என்றால் ஐந்து முதல் பதினைந்து. ஓ டி பர்ஃபூம் பதினைந்து முதல் இருபது. வெறும் பர்ஃபூம் என்று இருந்தால் அதற்கும் மேல். இவை தோராயமான அளவுகள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே பெயரில் வரும் டாய்லெட்டும் பர்ஃபூமும் பல சமயம் வேறு வேறு கலவைகள். ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று மற்றதை வாங்கிவிடாதீர்கள்.

சத்து கூடினால் நல்லது என்பதும் இந்த ஊருக்குப் பொருந்தாது. ஜனவரி, பிப்ரவரி டர்பன் புழுக்கத்தில் கனமான, இனிப்பான சென்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினால் உங்களோடு வருபவர்கள் பாவம். சூட்டில் வாசனை வேகமாகக் கிளம்பும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். காலையில் இரண்டு அழுத்தம், மதியம் ஒன்று என்று லேசானதைப் போடுவதுதான் இங்கே சரிப்படும்.

2. மூக்குக்கு ஏற்கெனவே தெரிந்ததை எழுதிக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து, உங்களுக்குப் பிடித்த மணங்களை எழுதுங்கள். நம் ஊர் மூக்குக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மல்லி, சம்பங்கி, தாழம்பூ, மரிக்கொழுந்து, சந்தனம், வெட்டிவேர், சாம்பிராணி என்று தனித்தனியாகப் பிரித்துத் தெரியும். ஆனால் கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் மல்லி என்றால் புரியாது. அவருக்குப் புரியும்படி கேட்க வேண்டும்.

தலையில் வைக்கும் குண்டுமல்லி வேண்டுமென்றால் "ஜாஸ்மின் சம்பாக்" என்று கேளுங்கள். வெறும் ஜாஸ்மின் என்றால் பெரும்பாலும் ஜாதிமல்லி வகைதான் கிடைக்கும், அந்த மணம் வேறு. முக்ளர் கம்பெனியின் ஏலியனில் சம்பாக் பலமாக இருக்கும். ஆனால் அது சத்தம் போடும் சென்ட், டர்பன் கோடைக்கு ஓர் அழுத்தமே தாராளம். சம்பங்கிக்கு "டியூப்ரோஸ்". குச்சி (Gucci) கம்பெனியின் ப்ளூம் என்ற சென்ட்டில் சம்பங்கியும் மல்லியும், கூடவே ரங்கூன் மல்லியும் இருக்கின்றன. வெட்டிவேருக்கு "வெட்டிவர்" என்றாலே போதும். லலீக் கம்பெனியின் ஆங்க்ர் நுவார், கெர்லானின் வெட்டிவர், எர்மெஸின் டெர் டெர்மெஸ் மூன்றும் வெட்டிவேரை மூன்று விதமாகக் காட்டும். முதலாவது ஈர மண்ணும் வேரும், இரண்டாவது எலுமிச்சையோடு சுத்தமாக, மூன்றாவது ஆரஞ்சுத் தோலோடு. சாம்பிராணிப் புகை பிடித்தவர்கள் "பென்சோயின்" இருக்கிறதா என்று கேட்கலாம்.

சந்தனத்தில்தான் ஏமாற்றம் அதிகம். மைசூர் சந்தன சோப்பை மனதில் வைத்துக்கொண்டு போனால், மால் கடையில் "சாண்டல்வுட்" என்று நீட்டப்படுவதில் அந்த மணம் கிடைப்பது அரிது. இப்போது ஆஸ்திரேலியச் சந்தனமும் ஆய்வகத்தில் செய்த மாற்றுகளும்தான் அதிகம். பால் போல, மரத்தூள் போல இருக்கும். அது மோசம் என்று சொல்லவில்லை, எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டு முகருங்கள்.

பிடிக்காதவற்றையும் எழுதுங்கள். "ரொம்ப இனிப்பு வேண்டாம், சோப்பு மாதிரி வேண்டாம்" என்று சொன்னால் கவுன்ட்டரில் பாதி வேலை முடிந்துவிடும்.

3. மாலுக்குப் போகும் நாள்

உம்லாங்கா கேட்வே, வெஸ்ட்வில் பவிலியன், மஸ்கிரேவ், எது பக்கமோ அங்கே போகலாம். எட்கர்ஸ், வுல்வொர்த்ஸ், ட்ரூவொர்த்ஸ் மாதிரிக் கடைகளிலும் க்ளிக்ஸ், டிஸ்-கெம் மாதிரி மருந்துக்கடைகளிலும் டெஸ்டர் பாட்டில்கள் வைத்திருப்பார்கள். சனிக்கிழமையும் சம்பளம் வந்த வார இறுதியும் வேண்டாம். வாரநாள் காலை, கடை திறந்த கொஞ்ச நேரத்தில் போங்கள். காற்றில் மற்றவர்கள் அடித்துப்பார்த்த நெடி குறைவாக இருக்கும். விற்பவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

போகும் முன் செய்ய வேண்டியவை: அன்று எந்த சென்ட்டும் போடாதீர்கள். வாசனை உள்ள தலை எண்ணெய், டால்கம் பவுடர், ஜவ்வாது எதுவும் வேண்டாம். முன்கையில் வாசனையில்லாத ஈரப்பத க்ரீம் தடவிக்கொள்ளுங்கள். இங்கே எல்லா மருந்துக்கடையிலும் ஏக்வஸ் க்ரீம் என்று மலிவாகக் கிடைக்கும், வாசனையில்லாத வகையைப் பார்த்து எடுங்கள். வறண்ட தோலில் வாசனை நிற்காது. டெஸ்டரின் முதல் அழுத்தத்தை டிஷ்யூவில் விட்டுவிட்டு அடுத்ததை முகருங்கள்.

முதலில் காகிதத் துண்டில் மட்டும். ஐந்து ஆறு போதும், அதற்கு மேல் போனால் மூக்கு மரத்துவிடும். ஒவ்வொரு துண்டிலும் பெயரை எழுதுங்கள், பையில் போட்டபின் எது எது என்று தெரியாது. நடுவில் காப்பிக்கொட்டை நீட்டுவார்கள். அதனால் பெரிய பலன் இல்லை. வெளியே போய்ச் சும்மா காற்றை முகர்ந்துவிட்டு வாருங்கள், அல்லது உங்கள் சட்டைக் கையையே முகருங்கள்.

பிறகு பிடித்த இரண்டை மட்டும் தோலில், கைக்கு ஒன்றாக. தேய்க்க வேண்டாம். உடனே கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் வருவது மேல் வாசனை. எலுமிச்சை, ஆரஞ்சு, மிளகு மாதிரி பறந்துபோகும் சரக்கு. விற்பனை நடப்பதே அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான். நீங்கள் நாள் முழுக்க உடம்பில் சுமக்கப்போவது மூன்று மணி நேரம் கழித்து மிஞ்சுவதை. அதனால் மாலின் ஏசியிலேயே சுற்றாமல், வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு நடங்கள், டாக்ஸியில் ஏறுங்கள், வீட்டுக்குப் போய்ச் சமையல் செய்யுங்கள். வியர்வையும் மசாலாவும் சேர்ந்தபின் கை எப்படி மணக்கிறது?

சில கஸ்தூரி வகைச் சேர்மானங்கள் சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது. "ஒரு மணி நேரத்தில் போய்விட்டதே" என்று நீங்கள் நினைக்கும்போது பக்கத்தில் இருப்பவருக்குப் பலமாக அடித்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஒருவரைக் கேளுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க்கில் முகர்ந்து பிடித்துப்போனது என்றால் டர்பனில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் வறண்ட ஊர். அங்கே மெலிதாக இருந்தது இங்கே கடற்கரை ஈரத்தில் கனக்கும்.

இன்னொன்று. டர்பன் கடைகளில் பெரியவர் சின்னவர் பார்க்காமல் "மை டார்லிங்" என்றுதான் கூப்பிடுவார்கள். நம் பாட்டன் காலத்தில் கப்பலேறி வந்த குடும்பத்து அக்காவாகவும் இருப்பார், எந்த ஊர் என்று விசாரிப்பார். அந்தப் பாசத்தில் கார்டை நீட்டிவிடாதீர்கள். "யோசித்துவிட்டு வருகிறேன் அக்கா" என்றால் ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

4. சின்ன பாட்டிலில் ஒரு வாரம்

பிடித்தது இரண்டு மூன்றாகச் சுருங்கியதும் சாம்பிள் கேளுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள், அதுவும் கையிருப்பில் இருந்தால். இல்லையென்றால் டிகான்ட். பெரிய பாட்டிலிலிருந்து 5 மி.லி., 10 மி.லி. சின்ன பாட்டில்களில் பிரித்து ஊற்றி இணையத்தில் விற்கிறார்கள். சாதாரண பிராண்டுகளுக்கு 5 மி.லி. சுமார் 100 முதல் 250 ரேண்ட். விற்பவர் கையில் மூலப் பாட்டில் இருப்பதையும், அதன் அடியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணையும் காட்டும் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குபவரை விட்டுவிடுங்கள்.

சென்ட் தீப்பற்றும் திரவம் என்பதால் பல கூரியர்கள் சாலை வழியாகத்தான் எடுத்து வருவார்கள். கேப் டவுனிலிருந்து வருகிறது என்றால் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஜோஹன்னஸ்பர்க் சரக்கு சீக்கிரம் வந்துவிடும்.

வந்தபின் ஒரு சென்ட்டுக்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். ஒரு அலுவலக நாள், ஒரு விடுமுறை நாள், ஒரு மழை நாள், கோயிலுக்குப் போகும் ஒரு நாள். கோயிலில் கற்பூரமும் சாம்பிராணியும் சூழ்ந்திருக்கும்போது உங்கள் சென்ட் அவற்றோடு சண்டை போடுகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் பணியிட விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல பிரிவுகளில் சென்ட்டே கூடாது.

இந்த வாரம் முடிவதற்குள் சலித்துவிட்டால் நல்லது, 150 ரேண்டோடு போயிற்று.

5. கிரே தெரு அத்தர் கடைகள்

மால் சென்ட் எதுவும் ஒட்டவில்லையா? நகரத்துக்குள் வாருங்கள். டாக்டர் யூசுஃப் தாதூ தெரு என்று பலகை இருக்கும். எல்லாரும் இன்னும் கிரே தெரு என்றுதான் சொல்கிறார்கள். ஜும்மா மசூதியைச் சுற்றியும், ஒட்டியுள்ள மதரஸா ஆர்கேட் சந்திலும் எண்ணெய் வாசனைகள் கிடைக்கும். காலை பத்து மணிக்கு மேல் போங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும். நகை போட்டுக்கொண்டு, போனைக் கையில் ஆட்டிக்கொண்டு போக வேண்டாம். சில்லறையாகக் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு தோலாக் கணக்கில். ஒரு தோலா சுமார் 12 மி.லி., கால் தோலா 3 மி.லி. முதல்முறை 3 மி.லி. மட்டும் வாங்குங்கள். சாதாரண வகைகள் நூறு ரேண்டுக்குள்ளேயே கிடைக்கும். அசல் ஊதும் (அகில் மர எண்ணெய்) சந்தனமும் அந்த விலைக்கு வரவே வராது. "அசல் ஊது" என்று நூறு ரேண்டுக்குத் தருகிறார் என்றால் அது செயற்கை. செயற்கையாக இருந்தால் தப்பில்லை, அந்த விலைதான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

எண்ணெயில் ஆல்கஹால் இல்லாததால் பொங்கிக் கிளம்பாது. தோலோடு ஒட்டி, பக்கத்தில் வருபவருக்கு மட்டும் தெரியும். என்னைக் கேட்டால் டர்பன் கோடைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. வெட்டிவேர் அத்தரும் மண்வாசனை அத்தரும் இருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். ஆனால் இரண்டு எச்சரிக்கை. முழங்கையின் உள்பக்கம் ஒரு துளி வைத்து ஒரு நாள் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். வெள்ளை வேட்டியிலும் பட்டுப்புடவையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கறை போகாது.

அதே கடைகளில், பெரிய பிராண்ட் பெயரைச் சொல்லி "அது மாதிரி" என்று எண்ணெய் தருவார்கள். மால் பக்கம் இதையே ஜெனரிக் என்கிறார்கள். தன் பெயரில், "அது மாதிரி" என்று சொல்லி விற்பது ஒன்று. பிராண்டின் பெட்டியையும் பெயரையும் அப்படியே அச்சடித்து விற்பது போலிச் சரக்கு, அந்தப் பக்கம் போகாதீர்கள். லத்தாஃபா, அஜ்மல் போன்ற வளைகுடா கம்பெனிகளின் சென்ட்டுகளும் இங்கே தாராளம். பெரிய பிராண்ட் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்கும். பெரும்பாலும் இனிப்பும் கனமுமான வகை என்பதால் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. காசு கொடுக்கும் இடம்

முடிவு செய்துவிட்டீர்கள். இனிமேல்தான் பணம் போகும் பொறிகள்.

கணக்குத் திறக்கச் சொல்வார்கள். ஒரு கடையில் நான் கேட்டது தள்ளுபடி அட்டை. எழுதிக் கையெழுத்துப் போட நீட்டியது கடன் கணக்குப் படிவம். இரண்டும் வேறு. தள்ளுபடி அட்டைக்கு பாஸ்போர்ட் எண்ணும் தொலைபேசி எண்ணும் போதும், இலவசம். கடன் கணக்குக்கு பாஸ்போர்ட்டும் விசாவும், சம்பளச் சீட்டு, மூன்று மாத வங்கி அறிக்கை, முகவரிச் சான்று எல்லாம் கேட்பார்கள். வட்டியோடு மாதக் கட்டணமும் காப்பீடும் ஒட்டிக்கொண்டு வரலாம். சம்பளச் சீட்டைக் கேட்டாலே அது கடன் என்று புரிந்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் கடனுக்கான விலைக்குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தேசியக் கடன் சட்டப்படி அது ஐந்து வேலைநாள் செல்லும்.

கையில் மொத்தப் பணம் இல்லையென்றால் லே-பை இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம் கட்டி, மாதாமாதம் கட்டி, முடிந்ததும் பொருளை எடுத்துக்கொள்ளலாம். வட்டி இல்லை. பாதியில் விட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அவசரம் இல்லையென்றால் நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமைத் தள்ளுபடிக்காகக் காத்திருக்கலாம். மே மாத அன்னையர் தினம், ஜூன் மாதத் தந்தையர் தினம் சமயத்திலும் சலுகை வரும். எனக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். விற்காமல் மிஞ்சிய பரிசுப் பெட்டிகளின் விலையைக் குறைப்பார்கள், பாட்டிலோடு லோஷனும் இருக்கும். முதலில் லோஷன், மேலே சென்ட் என்று போட்டால் நேரம் கூடும்.

கட்டும் முன் பெட்டியைப் பாருங்கள். கண்ணாடித்தாள் சுற்று ஒழுங்காக இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள தொகுதி எண்ணும் பாட்டிலின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டிலைப் பார்க்கப் பெட்டியைத் திறக்க வேண்டுமே என்றால், பணம் கட்டியபின் அங்கேயே, அவர்கள் முன்னால் திறங்கள். முதல் அழுத்தம் சரியாக வருகிறதா, கசிகிறதா என்றும் அங்கேயே பாருங்கள்.

ஸ்லிப்பைத் தூக்கிப்போடாதீர்கள். அது வெப்பத்தாளில் அச்சடித்தது, சில மாதத்தில் வெளுத்துவிடும், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் என்ற மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்து கேட்கலாம். பம்ப் வேலை செய்யவில்லை, பாட்டில் கசிகிறது என்றால் இது பொருந்தும். "வாசனை பிடிக்கவில்லை" என்பது பழுது ஆகாது. அதற்குக் கடையின் சொந்தக் கொள்கைதான், கண்ணாடித்தாளைக் கிழித்துவிட்டால் அதுவும் பெரும்பாலும் கிடையாது.

உள்நாட்டு இணையக் கடையில் வாங்கினால், மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டம் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள் தருகிறது. காரணம் சொல்லாமல் திருப்பலாம். அனுப்பும் செலவு உங்களுடையது. சுற்றைப் பிரிக்காமல் வைத்திருங்கள், பேச்சுக்கு இடமிருக்காது. அதனால்தான் டிகான்ட்டும் பெரிய பாட்டிலும் ஒரே பார்சலில் வந்தால் டிகான்ட்டை மட்டும் முதலில் திறக்கச் சொல்கிறேன்.

7. ஊரிலிருந்து கொண்டுவருவதும் வரவழைப்பதும்

சென்னையிலிருந்தோ துபாய் வழியாகவோ வரும்போது வாங்கலாம். தென்னாப்பிரிக்கச் சுங்கத்தில் ஒருவருக்கு 50 மி.லி. பர்ஃபூமும் 250 மி.லி. ஓ டி டாய்லெட்டும் வரியில்லாமல் அனுமதி. அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள். ரசீதைப் பெட்டிக்குள் புதைக்காமல் கையில் வைத்திருங்கள்.

கைப்பையில் 100 மி.லி.க்கு மேற்பட்ட பாட்டில் கூடாது. பாதி காலியான 125 மி.லி. பாட்டிலும் கூடாது, பாட்டிலின் அளவைத்தான் பார்ப்பார்கள். சுங்கவரியில்லாக் கடையில் வாங்கியதை முத்திரைப் பையோடு, ரசீது உள்ளே தெரியும்படி, டர்பன் வந்து சேரும்வரை பிரிக்காதீர்கள். பெரிய பெட்டியில் வைத்தால் ஒரு பாட்டில் அரை லிட்டருக்குள், மொத்தம் இரண்டு லிட்டருக்குள் இருக்க வேண்டும். மூடியை டேப்பால் ஒட்டி, நெகிழிப் பையில் கட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.

சென்ட்டைத் தபாலில் அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லாதீர்கள். தீப்பற்றும் திரவம் விமானத் தபாலில் தடை, வழியிலேயே எடுத்துவிடுவார்கள். தனியார் கூரியரில் எடுத்துக்கொண்டாலும் சுங்கவரி, 15 சதவீத வாட், அவர்களுடைய கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்து, இங்கே வாங்கியிருக்கலாமே என்று ஆகிவிடும். யாராவது வரும்போது கால் தோலா அத்தர் இரண்டு கொண்டுவரச் சொல்வது எளிது.

8. வீட்டில் வைப்பது

குளியலறையில் வேண்டாம், ஜன்னலோரம் வேண்டாம், காரில் வேண்டவே வேண்டாம். சூடும் வெளிச்சமும்தான் சென்ட்டைக் கெடுக்கும். அதன் பெட்டியிலேயே போட்டு, அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வையுங்கள். நிறம் கொஞ்சம் கறுத்தால் கவலையில்லை, வெனிலா சேர்ந்தவை அப்படித்தான் ஆகும். வினிகர் நெடி அடித்தால் போடாதீர்கள். அலுவலகத்துக்குப் பெரிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாமல், காலியான டிகான்ட் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து அதில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். பெயரை எழுதி ஒட்ட மறக்க வேண்டாம், வீட்டில் யாராவது கைகழுவும் சானிடைசர் என்று எடுத்துவிடுவார்கள்.